அஜித்தா எழுதிய இருபத்தாறு அளவுகள்

அஜித்தா வேலை பார்க்கும் மேசைக்கு ஒரு நாளில் ஆயிரத்து இருநூறுக்குக் குறையாமல் இரத்தம் நிரப்பிய குழாய்கள் வந்து சேரும். தென் லண்டனில் ஒரு பெரிய வைத்தியசாலையின் பரிசோதனைக் கூடம் அது. குழாயில் ஒட்டியிருக்கும் சீட்டில் பெயர், பிறந்த திகதி, வைத்தியசாலை இலக்கம், இரத்தம் எடுத்த நேரம் நான்கும் சரியா என்று பார்ப்பாள். சரியென்றால் உள்ளே அனுப்புவாள். பிழையென்றால் திருப்புவாள். 2017 பெப்ரவரி 6ஆம் திகதி, திங்கட்கிழமை, அந்தக் கதிரையில் முதன்முதலாக உட்கார்ந்தாள். அன்றிலிருந்து, பிறந்த திகதியில் 3 வர வேண்டிய இடத்தில் 8 இருந்த குழாய் ஒன்றுகூட அவளைத் தாண்டி உள்ளே போனதில்லை.

வார்டிலிருந்து இளம் டொக்டர்மார் தொலைபேசியில் கெஞ்சுவார்கள். "ஒரே நோயாளிதான், எனக்கு நன்றாகத் தெரியும்" என்பார்கள்.

"உங்களுக்குத் தெரியும் டொக்டர், குழாய்க்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

அவள் பிறந்தது 1989இல், மன்னார் பேசாலையில். தகப்பன் படகு எஞ்சின் திருத்துபவர். ஏழு வயதில் ஜேர்மனிக்குப் போனாள். எஸ்ஸன் நகரில் படித்து, ஒரு மருந்துக்கடையில் நான்கு வருடம் வேலை செய்தாள். 2015இல் லெஸ்லியைக் கலியாணம் கட்டி லண்டன் டூட்டிங்குக்கு வந்தாள். லெஸ்லியும் மன்னார்தான், வங்காலை ஆள், மின்சார வேலை செய்பவன். அப்பர் டூட்டிங் வீதியிலிருந்து இரண்டாவது குறுக்குத் தெருவில், முதலாம் மாடியில், இரண்டு அறை வீடு.

2021 ஒக்டோபர் 14ஆம் திகதி அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். வயிற்றில் இருந்தது இருபத்தெட்டு கிழமையும் ஐந்து நாளும்தான். 940 கிராம். அஜித்தாவின் இரத்த அழுத்தம் 178க்கு 114 என்று ஏறி, கண்ணில் மின்னல் அடித்து, அவசரமாக வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. ஜெரோம் என்று பெயர் வைத்தார்கள். ஆறு நாள் இருந்தான்.

பிரீ-எக்லாம்ப்சியா என்று டொக்டர்மார் சொன்னார்கள். கர்ப்பத்தின் பிற்பாதியில் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, தாயையும் பிள்ளையையும் சேர்த்து வருத்தும் நோய். ஏன் வருகிறது என்று அஜித்தா கேட்டாள். முழுமையாகத் தெரியாது என்றார்கள். அந்தப் பதிலை அவளால் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. அந்த இடைவெளியில் வேறொரு பதில் வந்து குந்திக்கொண்டது. லெஸ்லியின் சின்னம்மா அருமைநாயகி, அடக்கம் முடிந்த அன்று சோறு பரிமாறியபடி சொன்ன பதில் அது.

"என்ன செய்யிறது பிள்ளை, உன்ர இரத்தம் எங்கட பிள்ளையை ஏற்கேல்லை."

அஜித்தா மாமி என்று கூப்பிடும் அந்தச் சின்னம்மா அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கையில் சோற்றுக் கரண்டியோடு, கண்ணீர் வடிய வடியத்தான் சொன்னா. ஆனால் சொல் போகவில்லை. மூன்று வருடம் அஜித்தாவோடு பேருந்தில் ஏறி இறங்கியது.

2024இல் மறுபடியும் வயிற்றில் பிள்ளை தங்கியது. பிள்ளை பிறக்கும் நாளாக 2025 ஜூன் 9ஐக் குறித்துக் கொடுத்தார்கள். கிளினிக்கில் அவளுடைய பழைய கோப்பைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள். பிரீ-எக்லாம்ப்சியாவில் தாயின் நோயெதிர்ப்புச் செல்கள் எப்படி மாறுகின்றன என்று ஆராய்பவர்கள், முன்பு அந்த நோய் வந்த பெண்களைத் தேடினார்கள். அஜித்தா அதை நின்ற நிலையிலேயே வாசித்தாள். மற்றவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஆய்வுத் தாதியின் பெயர் சுப்ரியா. திருச்சிப் பெண். நவம்பர் 26ஆம் திகதி முதல் இரத்தம் எடுக்கும்போது, அஜித்தா கையை நீட்டுவதற்கு முன்பே கேள்வியை நீட்டினாள்.

"தாயின்ர செல்கள் பிள்ளையை எதிரியா நினைக்குதோ?"

சுப்ரியா சிரித்தாள். "எல்லாரும் ஊசி வலிக்குமான்னு கேப்பாங்க. நீங்க நேரா எக்ஸாம் கேள்விக்கே வந்துட்டீங்க. உக்காருங்க, சொல்றேன்."

சொன்னாள்.

"பிள்ளைல பாதி உங்க வீட்டுக்காரரோடது. அப்போ உங்க உடம்புக்கு அது பாதி வெளியாள். வெளியாளைத் துரத்துறதுதான் வெள்ளை அணுக்களோட வேலை. ஆனா கர்ப்பத்துல துரத்தக் கூடாது. அதுக்குன்னே ஒரு வகை செல் பெருகி வந்து, மத்ததுங்களைப் பார்த்து 'சும்மா இருங்க, இது நம்ம வீட்டு ஆள்'னு அடக்கி வைக்கும். இன்னொரு வகை கர்ப்பப்பைலயே உக்காந்து, அங்க இருக்கிற இரத்தக் குழாயை அகலமாக்க உதவி பண்ணும். பிள்ளைக்குச் சாப்பாடு போற வழி அது."

"இந்த நோயில?"

"அடக்குற செல் குறைவா இருக்கு. சண்டைக்கு நிக்கிற செல் அதிகமா இருக்கு. அந்த வழியும் ஒடுக்கமாவே நின்னுடுது. நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் கிடைக்காம, அதுல இருந்து துண்டு துணுக்கெல்லாம் உதிர்ந்து உங்க இரத்தத்துல கலக்கும். அதைப் பார்த்து மீதி செல்களும் கோவப்படும். அப்புறம் இரத்தக் குழாய், சிறுநீரகம்னு எல்லா இடத்துலயும் தகராறு."

அஜித்தா சட்டைக் கையை மேலே சுருட்டினாள். பிறகு கேட்டாள். "அப்ப என்ர உடம்புதான் அவனைத் துரத்தினதோ?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. செல்கள் கோவப்பட்டதால நஞ்சுக்கொடி சரியா பதியலையா, நஞ்சுக்கொடி பதியாததால செல்கள் கோவப்படுதா? எது முதல், எது பிறகுன்னு யாருக்கும் முழுசா தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்க கைல ஊசி."

"அப்ப குத்துங்கோ" என்றாள் அஜித்தா.

ஆறு தடவை இரத்தம் எடுப்பார்கள். பன்னிரண்டு, இருபது, இருபத்தெட்டு, முப்பத்துநான்காம் கிழமைகளில் ஒவ்வொன்று. பிள்ளை பிறக்கும் அன்று ஒன்று, கூடவே நஞ்சுக்கொடியிலும் ஒரு துண்டு. பிறந்து ஆறு கிழமையில் ஒன்று. எடுத்த இரத்தத்தைக் குளிரூட்டியில் வைக்கக் கூடாது. செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேர வேண்டும். அதோடு, வீட்டில் காலையும் மாலையும் இரத்த அழுத்தம் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டாவதை எழுத வேண்டும். கூடினாலும் அதுதான், குறைந்தாலும் அதுதான். 140க்கு 90ஐத் தொட்டால் உடனே தொலைபேசி எடுக்க வேண்டும்.

கிளினிக்கில் சொன்ன அஸ்பிரினை ஒவ்வொரு இரவும் விழுங்கினாள். குறிப்பேட்டை ஐந்து மாதம் ஒரு வரி பிசகாமல் எழுதினாள். 112க்கு 70, 116க்கு 74, 118க்கு 76. இருபத்தெட்டு கிழமை ஐந்து நாள் வந்தது, போனது. அன்று மட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தாள். மறுநாள் எழும்பி லெஸ்லிக்குச் சொன்னாள்.

"முப்பத்திநாலு கிழமை. அது வரைக்கும் பிள்ளை உள்ளுக்கை இருக்கவேணும். அதுக்குப் பிறகு என்ன வந்தாலும் வரட்டும்."

"நீர் சொன்னால் பிள்ளை கேக்கும்" என்றான் லெஸ்லி. "நான் கேக்கிறன்தானே."

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து மாமி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அங்கேதான் மாமி தன்னுடைய இரத்த அழுத்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினா. பதினைந்து வருடமாக அவவுக்கு அழுத்தம். புத்தகத்தில் எல்லாப் பக்கமும் அழகான இலக்கங்கள்.

"மாமி, உங்களுக்கு இவ்வளவு நல்லா இருக்கே!"

"நல்லா இருக்கும், ஏன் இராது? மூண்டு தரம் எடுக்கிறது, ஆகக் குறைஞ்சதை எழுதுறது. கூடினதை எழுதினால் டொக்டர் மருந்துக் குளிசையைக் கூட்டிப்போடுவார். பிறகு காலெல்லாம் வீங்கும். எனக்கென்ன விசரே?" மாமி கோழிக்கறியை அவள் பக்கம் தள்ளினா. "எங்கட கோயிலிலை பிரஷர் இருக்கிற ஆக்கள் முழுப்பேரும் இப்பிடித்தான் பிள்ளை. உனக்கும் கொஞ்சம் கூடிக்காட்டினால் பயந்துபோடாதை. மிசினும் மனுசர் மாதிரித்தான், முதல்தரம் உளறும்."

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை 6.40க்கு அந்த மிசின் 144க்கு 92 என்று காட்டியது. அஜித்தா ஒரு நிமிடம் பொறுத்தாள். 141க்கு 90. எழுத வேண்டியது அதுதான். தொலைபேசி எடுக்க வேண்டியதும் அதற்குத்தான். முப்பத்திரண்டு கிழமையும் ஒரு நாளும். தொலைபேசி எடுத்தால் வரச் சொல்வார்கள். போனால் வார்டில் மறிப்பார்கள். மறித்தால் வயிற்றை வெட்டுவார்கள். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் ஒரு தடவை அப்படித்தான் நடந்தது. மூச்சை இழுத்து விட்டு மூன்றாவது தடவை அழுத்தினாள். 136க்கு 86.

136க்கு 86 என்று எழுதினாள்.

அன்று மாலையும் மூன்று தடவை. மறுநாளும் மூன்று தடவை. லெஸ்லி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏனப்பா மிசின் கனக்கக் கத்துது?"

"சரிபாக்கிறன்."

"வேலையிலைதான் சரிபாக்கிறீர் எண்டால் வீட்டிலையுமோ?"

ஏப்ரல் 22ஆம் திகதி மருத்துவிச்சியோடு ஒரு சந்திப்பு இருந்தது. வீட்டு அளவுகள் நன்றாக இருந்ததால் அதைத் தொலைபேசியிலேயே முடித்துக்கொண்டார்கள். அஜித்தா இலக்கங்களை வாசித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, "அருமை, அப்படியே தொடருங்கள்" என்று குரல் வந்தது. தொலைபேசியை வைத்தபோது அவளுடைய விரல் வீங்கி, மோதிரம் கழற்ற முடியாதபடி இறுகியிருந்தது. வெயில் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வெளியே பதினொரு பாகை.

ஏப்ரல் 28, திங்கட்கிழமை. முப்பத்துநான்கு கிழமை. வந்துசேர்ந்துவிட்டாள். நான்காவது இரத்தம் எடுக்கும் நாளும் அதுதான். சுப்ரியா முதலில் அழுத்தம் பார்த்தாள். 146க்கு 92. முகம் சுருக்கினாள். பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தாள். 138க்கு 88.

"எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன். ஆனா உங்க வீட்டு ரெக்கார்ட் இவ்வளவு அழகா இருக்கே! ஆஸ்பத்திரியைப் பார்த்தா சிலருக்கு ஏறும்." குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே நான்கு குழாய்களில் இரத்தம் எடுத்தாள். "உங்களை எனக்குப் பிடிக்கும் தெரியுமா? எட்டு பேர் குறிப்பேடு பாதிலயே நின்னுபோச்சு. நீங்கதான் ஒரு நாள்கூட விடல. இந்த மாதிரி, முன்னாடி நோய் வந்து, இந்தத் தடவை வராம போற பெண்கள் எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

"ஏன்?"

"ரெண்டு தட்டு வெச்சிருக்கோம். நோய் திரும்ப வந்தவங்க ஒரு தட்டு, வராதவங்க ஒரு தட்டு. உங்க செல் இன்னைக்கு வராதவங்க தட்டுக்குப் போகும். அதுல அடக்குற செல் எத்தனை, சண்டைக்காரங்க எத்தனைன்னு எண்ணி, மத்த தட்டோட ஒப்பிடுவோம். எது முதல்னு கேட்டீங்களே, அதுக்குப் பதில் இதுலதான் இருக்கு."

சுப்ரியா குழாய்களைப் பெட்டியில் வைத்து மூடினாள். பெட்டியின் மேல் நேரத்தை எழுதினாள். 10.25.

அஜித்தா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்துநான்கு கிழமை ஆகிவிட்டது. எழும்பி வீட்டுக்குப் போகலாம். தாதியே சொல்லிவிட்டாள், ஆஸ்பத்திரிப் பயம் என்று. இன்னொரு கிழமை, முடிந்தால் இரண்டு, பிள்ளை உள்ளே இருக்கும். பெட்டியும் போய்ச்சேரும். வேறொருத்தியின் இரத்தமாக, சுகமானவளின் இரத்தமாக, அது எண்ணப்படும். எண்ணி வரும் பதில் எல்லாப் பெண்களுக்கும் பிழையாகப் போகும். எந்தப் பதிலுக்காக ஐந்து மாதமாகக் கை நீட்டினாளோ, அந்தப் பதில்.

பிள்ளை வயிற்றுக்குள் ஒரு தடவை உதைத்தது. சிறிய உதை. போன கிழமை இருந்ததைவிடச் சிறியது. அதையும் அவள் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"சுப்ரியா, அந்தத் தட்டிலை வையாதையுங்கோ."

"என்னங்க?"

"அந்தப் புத்தகத்திலை இருக்கிறது பொய். நான் மூண்டு தரம் எடுத்து, குறைஞ்சதை எழுதினனான். பதிமூண்டு நாளா. மிசின் பையுக்கை கிடக்கு. அதுக்குள்ளை எல்லாம் இருக்கும், அமத்திப் பாருங்கோ."

சுப்ரியா மிசினை எடுத்து, பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அது தொண்ணூறு அளவுகளைத் திகதியோடும் நேரத்தோடும் நினைவில் வைத்திருக்கும் மிசின். அவளுடைய முகத்திலிருந்த சிரிப்பு படிப்படியாகப் போனது.

"நேத்து காலைல 154க்கு 99. அக்கா, தலைவலி இருக்கா?"

"மூண்டு நாளா."

"அடப்பாவமே, எந்திரிங்க. இல்ல, எந்திரிக்காதீங்க. நான் சக்கர நாற்காலி கொண்டு வரேன்."

சிறுநீரில் புரதம் இருந்தது. அன்றே மறித்தார்கள். ஆனால் அன்றே வெட்டவில்லை. அழுத்தத்தைக் குறைக்க மருந்து தொடங்கினார்கள், பிள்ளையின் இதயத்துடிப்பைக் காலையும் மாலையும் பதிவு செய்தார்கள். நோயாளி கண் முன்னால் இருந்தால் நாள்களை நீட்டலாம், ஒளித்துக்கொண்டிருந்தால்தான் நீட்ட முடியாது என்று வார்டுக்கு வந்த பெரிய டொக்டர் சொன்னார். பதின்மூன்று நாளுக்கு முன்பே வந்திருந்தால் இந்த மருந்தையே பதின்மூன்று நாளுக்கு முன்பு தொடங்கியிருப்போம் என்றும் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அஜித்தாவுக்கு இலேசாக இருந்திருக்கும்.

கோபப்பட்டவன் லெஸ்லிதான். வேலைச் சப்பாத்தோடு வந்து கட்டிலருகில் நின்றான்.

"குழாயிலை ஒரு இலக்கம் பிழைச்சால் டொக்டருக்கே திருப்பி அனுப்புற ஆள் நீர்!"

"ஓம்."

"எனக்கும் சரிபாக்கிறன் எண்டு சொன்னனீர்."

"ஓம். சொன்னனான்." அவள் அழவில்லை. "இனி என்னை நம்பாதையும். நான் சொல்லுறதைக் கேளாதையும், மிசினை நீரே பாரும்."

லெஸ்லி சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுடைய வீங்கிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்தான்.

மறுநாள் சுப்ரியா குறிப்பேட்டோடு வந்தாள். அழித்து எழுதக் கூடாது, கிழிக்கக் கூடாது. பிழையின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான இலக்கம், கையெழுத்து, திகதி. ஆய்வின் விதி அது. அஜித்தா மிசினை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். இருபத்தாறு பதிவுகள். எழுதியிருக்க வேண்டிய இரண்டாவது அளவு, பதினேழில் 140க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் கோடு கீறி, எழுதி, கையெழுத்திட்டாள். இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைய எடுத்தது. இடையில் சாப்பாடு வந்து ஆறிப்போனது. கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தாள். 'பிழை என்னுடையது, மிசினுடையது அல்ல.'

"எனக்குத் தெரிஞ்சு இப்படி ஒருத்தரும் எழுதினதில்ல" என்றாள் சுப்ரியா.

"எந்தத் தட்டிலை வைச்சனீங்கள்?"

"சரியான தட்டுல. உங்க நாலாவது இரத்தம்தான் இப்போ எங்களுக்குத் தங்கம். நோய் ஏறிக்கிட்டு இருக்கும்போது, மருந்து தொடங்குறதுக்கு முன்னாடி எடுத்தது. அடக்குற செல் உங்களுக்கு இருபத்தெட்டாம் வாரமே குறைய ஆரம்பிச்சிருக்கான்னு இனித்தான் பார்க்கணும்."

"குறைஞ்சிருந்தால்?"

"அப்போ ஒரு நாள், அழுத்தம் ஏறுறதுக்கு முன்னாடியே இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல முடியலாம். முடியலாம்னுதான் சொல்றேன். எங்களுக்கு நூத்தி நாப்பது பேர் வேணும், இன்னும் எண்பத்தி மூணுதான் ஆகியிருக்கு."

அருமைநாயகி மாமி இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு பார்க்க வந்தா. விஷயத்தை லெஸ்லி சொன்னான். மாமி வாயில் கை வைத்தா.

"நான் பகிடிக்கெண்டு சொல்லேல்லைப் பிள்ளை, நல்லதுக்கெண்டுதான்..."

"எனக்குத் தெரியும் மாமி. எழுதினது நீங்கள் இல்லை, நான்."

"அப்ப நானும் என்ர டொக்டருக்குச் சொல்லவேணுமோ?"

"சின்னம்மா," என்றான் லெஸ்லி, "பதினஞ்சு வருசம். டொக்டருக்கு முதல்லை ஒரு கதிரை குடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ."

மாமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த நேரம் பார்த்து அஜித்தா மூன்று வருடமாக வைத்திருந்ததைச் சொன்னாள். "மாமி, என்ர இரத்தம் ஏற்கேல்லை எண்டு நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள். அது அப்பிடியோ இல்லையோ எண்டு உலகத்திலை ஒருத்தருக்கும் இன்னும் தெரியாது. தெரியிற வரைக்கும் அதை இனிச் சொல்லாதையுங்கோ. எனக்கு மட்டுமில்லை. ஒரு பொம்பிளைக்கும் சொல்லாதையுங்கோ."

மாமி தலையை ஆட்டினா. சொதியைக் கிண்ணத்தில் ஊற்றினா.

பதினொரு நாள் நீட்டினார்கள். மே 9ஆம் திகதி காலை இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை 104 ஆயிரத்துக்கு இறங்கியது. இனிப் பொறுக்க ஏலாது என்றார்கள். முப்பத்தைந்து கிழமையும் நான்கு நாளும். சத்திரசிகிச்சைக்குக் கட்டிலைத் தள்ளும்போது அஜித்தா லெஸ்லியின் கையைப் பிடித்தாள்.

"சுப்ரியாவுக்குப் போன் அடிச்சனீரோ? ஐஞ்சாவது இரத்தம். நஞ்சுக்கொடியும் எடுக்கவேணும்."

"அவ வந்து வாசல்லை நிக்கிறா. நீர் பிள்ளையைப் பெறுமப்பா, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

பகல் 12.17க்குப் பெண் பிள்ளை பிறந்தது. 1980 கிராம். உடனே அழவில்லை. நாற்பது செக்கன் வரை சத்தமில்லை. பிறகு அழுதது. அழத் தொடங்கியதும் நிறுத்த மறந்துபோன மாதிரி அழுதது. நான்கு நாள் சிறப்புப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் தாயின் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். றூத் என்று பெயர். அஜித்தாவின் அழுத்தம் இறங்க இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. மருந்தோடு வீட்டுக்கு வந்தாள். காலையும் மாலையும் லெஸ்லியே பார்த்து, லெஸ்லியே எழுதினான்.

ஜூன் 20, வெள்ளிக்கிழமை. ஆறாவது இரத்தம். அன்று இருபத்தொன்பது பாகை வெயில், வடக்குப் பாதைச் சுரங்க ரயிலில் ஏற வேண்டாமென்று லெஸ்லி தன் வேலை வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். றூத் 3150 கிராம். காத்திருந்த நேரமெல்லாம் தூங்கிவிட்டு, சரியாகக் கூப்பிட்ட நேரத்தில் பசித்து எழும்பினாள். அஜித்தா பாலூட்டத் தொடங்கினாள். சுப்ரியா குழாய்களை வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"முடிச்சிட்டு வாங்க அக்கா, அவசரமில்ல. ஒரு விஷயம், ரிசல்ட் எல்லாம் வர இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும். உங்க கேள்விக்குப் பதில் இல்லாமலே அனுப்பறேன்."

"ரெண்டு வருசம்தானே. இருக்கிறம்" என்றாள் அஜித்தா. பிள்ளையை வலது பக்கம் நன்றாக அணைத்துக்கொண்டு, மற்றக் கையின் சட்டையைப் பல்லால் கடித்து மேலே இழுத்தாள்.

"இவள் முடிக்கமாட்டாள். நீங்கள் இடது கையிலை எடுங்கோ."